கால் அங்குலத்தின் வரலாறு

தமிழ்நாட்டிலிருந்து வடபுலம் சென்று குடியேறிய குடும்பத்தினர், அங்கே முதற் குளிர்காலத்தைக் கழிக்கும்பொழுதுதான் போர்வை என்ற சொல்லின் முழுப் பொருளையும் அறிகின்றனர். நம் ஊரில் போர்வை என்றால் பெரும்பாலும் ஒற்றைத் துணி. தில்லியிலும் லக்னோவிலும் அது பஞ்சு பொதிந்த ரஜாய். மும்பையிலும் புணேயிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த கோதடி. கொல்கத்தாவில் காந்தா. கட்சுப் பகுதியிலும் ராஜஸ்தானத்துப் பாலையிலும் ரல்லி. தை மாதத்து இளவெயிலில் அண்டை வீட்டார் மாடிச் சுவரின்மீது இவற்றை விரித்து உலர்த்தியிருக்கும் காட்சியை வெளிமாநிலத் தமிழர் பலரும் கண்டிருப்பர்.

இவ்வகைப் போர்வைகளுள் சிலவற்றின் மேல்துணி, பல நிறத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் அறுகோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கப்படுவது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இக்கலை மிக நுட்பமாக வளர்ந்தது. ‘குயில்ட்’ என்று அவர்கள் கூறும் பொதிபோர்வைகளுள், இவ்வாறு துண்டுகளை இணைத்துச் செய்வதை நாம் ஒட்டுப் போர்வை என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத் தைத்த ஒட்டுப் போர்வை ஒன்றில் எட்டு முக்கோணங்களின் கூர்முனைகள் ஒரே புள்ளியில் வந்து கூடியிருக்கும். காண்போர் நிறப் பொருத்தத்தைப் புகழ்வர். தைக்கத் தெரிந்தவரோ முதலில் அந்தப் புள்ளியைத்தான் நோக்குவார். அது பிசகாமல் அமைந்ததற்குக் காரணம், முடிந்த போர்வையில் எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு சிறு துணி ஓரம். தையற்கோட்டிற்கும் துணியின் வெட்டு விளிம்பிற்கும் இடையே உள்ளடங்கிக் கிடக்கும் அந்த ஓரத்தின் அகலம் கால் அங்குலம். அதன் கதையே இன்று நாம் காண இருப்பது.

தையலுக்கு விட்டு வெட்டுதல் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. ரவிக்கைத் துணியை மேசையில் விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடிடும் எந்தத் தையற்காரரும், உடலின் அளவோடு தையலுக்கு வேண்டிய துணியையும் சேர்த்தே வெட்டுவார். வளரும் பிள்ளையின் சட்டையானால், பின்னால் பிரித்துவிடுவதற்காக இன்னும் தாராளமாகவே உள்ளே விடுவார். அங்கே கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஒட்டுப் போர்வையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு துண்டு தன் பக்கத்துத் துண்டோடு மட்டுமன்றி, அதற்கு அடுத்த வரிசையிலும் அதற்கடுத்த வரிசையிலும் உள்ள துண்டுகளோடும் பொருந்தியாக வேண்டும்.

தையலுக்குத் துணி விடுவது எதற்காக என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வோம். நெய்த துணி என்பது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளின் தொகுதி. வெட்டிய விளிம்பில் அவ்விழைகளைப் பற்றி நிறுத்துவது எதுவும் இல்லை. விளிம்பிற்கு மிக அருகே தைத்தால், இழுப்பு நேரும்பொழுது இழைகள் தையலை விட்டு நழுவிப் பிரிந்துவிடும். மிகுதியாக உள்ளே விட்டுத் தைத்தாலோ, பல துண்டுகள் கூடும் இடத்தில் துணி தடித்துக் கட்டியாகி, மேலே ஓட வேண்டிய ஊசி அங்கே தடைப்படும். மெல்லிய பருத்தித் துணிக்கு இவ்விரு தொல்லைகளுக்கும் நடுவே அனுபவத்தால் கண்ட அளவுதான் கால் அங்குலம். அமெரிக்கக் காகித வார்ப்புகளைக் கொண்டு சட்டை தைப்போர் ஐந்தெட்டாம் பங்கு அங்குலம் விடுவது வழக்கம். போர்வைக்கு அதிற் பாதிக்கும் குறைவு.

துண்டுகளை அளவோடு இணைக்கும் கலை மிகத் தொன்மையானது. நம் நாட்டிலேயே அதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. பௌத்தத் துறவிகளின் சீவர ஆடை பல துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டுக் கிடந்த காட்சியைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, அவ்வண்ணமே ஆடை அமைக்கலாகுமா என வினவினார் என்று விநயபிடகத்தின் மகாவக்கம் கூறுகின்றது. வெட்டிய துணிக்கு விலைமதிப்புக் குறைவு. ஆதலால் அது துறவிக்கு ஏற்றது என்பது அங்கே கருத்து. பின்னாளில் ஐரோப்பாவில் துண்டிணைப்பு வளர்ந்ததற்கு முற்றிலும் நேர்மாறான காரணமும் ஒன்று இருந்தது. துணி மிகவும் விலை உயர்ந்திருந்தமையால் ஒரு சிறு துண்டைக்கூட வீணாக்க அங்கே மனம் வரவில்லை. அந்த விலையுயர்ந்த துணி போனது எங்கிருந்து? அதில் நம் கடற்கரைக்கும் பெரும் பங்குண்டு.

சீட்டி என்ற சொல்லை நம் பாட்டிமார் நன்கறிவர். சீட்டிப் பாவாடை என்றால் பூப்போட்ட பருத்திப் பாவாடை. ஆங்கிலேயர் இதனையே ‘சின்ட்ஸ்’ என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையில் உருவான இத்துணிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. கைவினைஞர் எழுதுகோல் கொண்டு துணிமீது உருவங்களை வரைந்தனர். படிகாரம் இட்ட இடம் சாயவேரில் கொதித்துச் சிவந்தது. இரும்புக் கரைசல் இட்ட இடம் கருத்தது. அவுரியின் நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடினர். பிரெஞ்சுப் பாதிரியார் கூர்து இத்தொழில்முறையை 1742-ஆம் ஆண்டு தம் நாட்டிற்கு விரிவாக எழுதி அனுப்பினார். ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியது பூவேலையின் அழகு மட்டுமன்று. துவைத்தாலும் சாயம் போகவில்லை என்பதே பெருவியப்பு. அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரர் பருத்தியின்மேல் இதனைச் சாதிக்க அறியார்.

விளைவு என்ன? இங்கிலாந்தின் பட்டு, கம்பளி நெசவாளர் பிழைப்பிழந்து கொதித்தெழுந்தனர். வண்ணம் தீட்டிய கீழ்த்திசைப் பருத்தித் துணிகளை உள்நாட்டுப் பயனுக்காக இறக்குமதி செய்யலாகாது என்ற தடை 1701-இல் நடைமுறைக்கு வந்தது. 1719-இல் இலண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளை நெசவாளர் கூட்டம் கிழித்தெறிந்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையும் படுக்கையிலும் நாற்காலியிலும் சன்னலிலும் பயன்படுத்துவதையும் கூடத் தடுத்தது. அத்தடை நீங்கியது 1774-இல்தான். பிரான்சு நாட்டிலோ 1686 முதல் 1759 வரை தடை. நம் ஊர்ச் சாயக்காரர் ஒருவர் மரத்தடியில் அமர்ந்து தீட்டிய பூவொன்று, கடல் கடந்து ஒரு பாராளுமன்றத்தையே சட்டம் இயற்றச் செய்தது.

இவ்வாறு அருமையான துணி கிழிந்த பின்னரும் அதன் பூக்களை எறிய எவர்க்கு மனம் வரும்? வடமேற்கு இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் இந்தியச் சீட்டித் துண்டுகளால் இணைத்த போர்வை ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. அது 1708-ஐ ஒட்டித் தைக்கப்பட்டது என்பது அவ்வீட்டு மரபு. தேதி ஐயத்திற்கு இடமின்றிப் பொறிக்கப்பட்டிருக்கும் மற்றொன்று, பட்டுத் துண்டுகளால் ஆன 1718-ஆம் ஆண்டு மேல்விரிப்பு. அதில் பூக்களும் விலங்குகளும் பறவைகளும் மனித உருவங்களும் உண்டு. பெயர் இல்லை, இரண்டு முன்னெழுத்துகள் மட்டுமே உண்டு. பிரிட்டனின் ஒட்டுப் போர்வைக் கலைஞர் சங்கம் அதனை 2000-ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியது.

அந்த விரிப்பு எவ்வாறு தைக்கப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். முதலில் காகிதத்தில் முடிவான வடிவத்தை வெட்டிக்கொள்வர். அக்காகிதத்தைத் துணியின் பின்புறம் வைத்து, சுற்றிலும் சிறிது துணி விட்டு வெட்டி, அந்த ஓரத்தைக் காகிதத்தின்மேல் மடித்துப் பெருந்தையலால் நிறுத்துவர். பிறகு இவ்வாறு மடித்த இரு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, மடிப்பு விளிம்புகளைச் சன்னமான சுற்றுத் தையலால் இணைப்பர். எல்லாத் துண்டுகளும் கூடியபின் காகிதங்களை உருவிவிடலாம். இம்முறையில் நுட்பம் முழுவதும் காகிதத்திடம் இருக்கின்றது. மடித்துவிட்ட ஓரம் ஒருபுறம் கால் அங்குலமும் மறுபுறம் அரை அங்குலமுமாக இருந்தாலும் கேடில்லை. காகிதம் சரியாக இருந்தால் போதும். தையலுக்கு விட்ட துணி அளவுக்கு ஆளாகாமல் இருந்த காலம் அது.

இக்காகிதங்களைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. காகிதமும் அன்று மலிவன்று. ஆகவே பழைய கடிதங்கள், கடைக் கணக்கேடுகள், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் யாவும் கத்தரிக்கோலுக்கு இரையாயின. தைத்து முடியாமல் நின்றுபோன போர்வைகளில் அவை இன்னும் உள்ளேயே இருக்கின்றன. ஆய்வாளர் துணியைத் திருப்பி, ஒரு அறுகோணத்தில் பாதி வாக்கியத்தையும் மற்றொன்றில் ஒரு தேதியையும் படித்துக் காலம் கணிக்கின்றனர். அது போலவே வெயில் படாமல் உள்ளே மடிந்து கிடந்த துணி ஓரத்தில், வெளிமுகத்தில் வெளிறிப்போன சாயம் தன் பழைய செழிப்போடு நிற்பதுண்டு. கருநிறம் மட்டும் இதற்கு விலக்கு. அதிலுள்ள இரும்பு காலப்போக்கில் இழையையே அரித்துவிடுகின்றது. எவரும் பாராமல் உள்ளே தள்ளிய அந்தச் சிறு ஓரமே, சாயவேரின் சிவப்பு உண்மையில் எத்தகையது என்பதற்குச் சாட்சியாய் நிற்கின்றது. சாயமிட்டவர் பெயரும் தெரியாது, தைத்தவர் பெயரும் தெரியாது.

பெயர் தெரிந்தவர்களும் சிலர் உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் தாயோடும் தமக்கையோடும் சேர்ந்து தைத்த ஒட்டுப் போர்வை, சாட்டன் கிராமத்தில் அவர் வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு இருக்கின்றது. துண்டுகளைச் சேகரிக்க மறக்கவில்லையே என்று தமக்கையை வினவி 1811 மே மாதத்தில் அவர் எழுதிய கடிதமும் எஞ்சியுள்ளது. அதற்குள் இங்கிலாந்தே பருத்தியில் அச்சிடக் கற்றுக்கொண்டு, நம் கரையின் வணிகத்தைப் பெரிதும் விழுங்கிவிட்டது.

இடையே ஒரு வேடிக்கையான விலக்கையும் கூறிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரர்களும் ஒட்டுப் போர்வை தைத்தனர். அவர்களுள் இந்தியாவில் பணிபுரிந்தோரும் உண்டு. கிரிமியப் போரில் காயமுற்ற தாமஸ் வாக்கர் என்ற வீரர் மருத்துவமனைப் படுக்கையில் அமர்ந்து இவ்வேலை செய்வதை, தாமஸ் வுட் என்பவர் 1856-இல் ஓவியமாகத் தீட்டியுள்ளார். இவர்கள் கையாண்டது சிப்பாய்ச் சீருடைக்குரிய தடித்த கம்பளித் துணி. அது நெய்தபின் நீரிலிட்டு மிதித்து இறுக்கப்பட்டதாகையால், வெட்டினாலும் இழை பிரியாது. எனவே தையலுக்குத் துணி விடாமலே விளிம்போடு விளிம்பை முட்டவைத்துத் தைத்துவிட்டனர். கால் அங்குலம் எதற்காக வேண்டும் என்பதை, அது தேவைப்படாத இந்தப் போர்வைகளே நன்கு விளக்குகின்றன.

இனி அமெரிக்காவிற்குச் செல்வோம். ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறிய பெண்கள் காகித முறையையும் கொண்டுசென்றனர். 1835 சனவரியில் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் மாத இதழ் அறுகோண வேலைக்குரிய முறையை வெளியிட்டது. ஆனால் அந்நாட்டில் வேறொரு முறை மேலோங்கியது. தகரத்திலோ அட்டையிலோ முடிவான வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு, துணியின் பின்புறத்தில் அதைச் சுற்றி எழுதுகோலால் கோடிடுவர். அக்கோட்டிற்கு வெளியே ஏறத்தாழக் கால் அங்குலம் விட்டு வெட்டுவர். இரு துண்டுகளின் கோடுகளையும் மூலைக்கு மூலை குண்டூசியால் பொருத்தி, கோட்டின்மேலேயே ஓட்டுத் தையல் போடுவர். காகிதத்தை மடித்துச் சுற்றித் தைப்பதைவிட இது விரைவான வேலை. நுட்பம் இப்பொழுது காகிதத்தை விட்டு எழுதுகோல் கோட்டிற்கு வந்தது. வெளியே விட்ட ஓரம் இன்னும் கண்ணளவுதான்.

‘கான்சாஸ் சிட்டி ஸ்டார்’ என்ற நாளிதழ் 1928 முதல் 1961 வரை போர்வை வடிவங்களை வெளியிட்டு வந்தது. பஞ்ச காலத்தில் கையில் காசில்லாத குடியானவப் பெண்கள் அவற்றைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிப் பயன்படுத்தினர். அத்தகைய பத்திரிகை வடிவங்கள் பலவும் முடிவான அளவிலேயே இருந்தன. தையலுக்கு விட்டுக்கொள்க என்ற குறிப்பு மட்டும் அருகே காணும். எவ்வளவு என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கோடு இருக்கும்போது ஓரத்தைப் பற்றி என்ன கவலை?

எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்திற்கு 1846-இல் உரிமை பெற்றார். சிங்கர் இயந்திரம் 1851-இல் வந்தது. தவணை முறையில் விற்பனை தொடங்கியபின் அது நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைந்தது. இயந்திரத்தால் உடை தைக்கத் தொடங்கிய பெண்கள் போர்வைத் துண்டுகளையும் அதிலேயே இணைக்கலாயினர். எனினும் இயந்திரம் வந்தவுடன் எழுதுகோல் மறைந்துவிடவில்லை. கோட்டை முற்றிலும் விட்டொழித்தோருள் முன்னோடிகள் என நான் கருதுவது ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்களை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையால் சுழற்றும் இயந்திரங்களைக் கொண்டு, அவர்கள் வண்ணத் துணிகளை நீண்ட பட்டைகளாகக் கிழித்து விளிம்போரமாக இணைத்தனர். அவ்வாறு இணைத்த தொகுதியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய துண்டுகளைச் சற்றே தள்ளி வைத்து மீண்டும் இணைத்தனர். ஒரு கோடும் இடாமல் நூற்றுக்கணக்கான சிறு சதுரங்கள் வரிசையாக அமைந்தன. கல்வி நிலையம் எதிலும் பயிலாத அந்த யுக்தியைப் பிறர் உணர்ந்து கையாளப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெரும் மாற்றம் வந்தது 1979-இல். அதற்குச் சில ஆண்டுகட்கு முன், 1971-இல், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழம் போர்வைகளைச் சுவரில் ஓவியங்களைப்போல் மாட்டிக் காட்டியதும், 1976-இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழா நடந்ததும் இக்கலையில் புதிய ஆர்வத்தை மூட்டியிருந்தன. அந்நிலையில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு கைப்பிடியின் நுனியில் வட்டமான, சவரக்கத்தி போன்ற கூரிய தகடு சுழலும். அளவுகோடுகள் பொறித்த ஒளி ஊடுருவும் பலகையைத் துணிமேல் அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகக் கத்தியை உருட்டினால், நான்கைந்து அடுக்குத் துணியும் ஒரே இழுப்பில் நேராக வெட்டுப்படும். உடை தைப்போருக்காக வந்த கருவி அது. போர்வை தைப்போர் தமதாக்கிக்கொண்டனர்.

வேகம் கூடியது என்று மட்டும் இதனைக் கூறுவது குறையாகும். இக்கத்தியால் வெட்டிய துண்டில் கோடே இல்லை. தைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவது வெட்டு விளிம்பு ஒன்றே. அவ்விளிம்பிலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே ஊசி இறங்கியாக வேண்டும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ணளவாய் இருந்த ஓரம், திடீரென எல்லா அளவுக்கும் ஆதாரமாகிவிட்டது. கால் அங்குலக் கட்டுப்பாட்டைப் பாட்டி காலத்துச் சம்பிரதாயம் என்று பலர் எண்ணுகின்றனர். பாட்டிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அது பெரும்பாலும் பேத்தியின் தலைமுறையில் வந்த கட்டுப்பாடு.

அது எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு என்பதை வாய்ப்பாடு படித்த பெரியோர் மறந்திரார். தைப்பவரின் கை ஒரு மாகாணி அங்குலம் மட்டும் உள்ளே தள்ளிப் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையல் இரண்டு துண்டுகளிலிருந்தும் துணியை எடுத்துக்கொள்வதால், ஓர் இணைப்பிற்கு இழப்பு அரைக்கால் அங்குலம். ஒரு வரிசையில் பதினாறு துண்டுகள் இருந்தால் இணைப்புகள் பதினைந்து. ஆக, அந்த வரிசை 1⅞ அங்குலம் குட்டையாகிவிடும். பக்கத்தில் நான்கே துண்டுகள் கொண்ட வரிசை இருந்தால் அதன் இழப்பு அரை அங்குலத்திற்கும் குறைவு. இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? இழுத்துப் பொருத்தினால் போர்வை நடுவில் உப்பி, ஓரத்தில் அலைபோல் நெளியும்.

இன்னொரு நுட்பம். துணி தையலின்மேல் மடிந்து புரளும்போது, அந்த மடிப்பின் கனமும் நூலின் கனமும் சிறிது அகலத்தை உண்டுவிடும். எனவே கைதேர்ந்தோர் முழுக் கால் அங்குலம் தைப்பதில்லை. ஓரிரு இழை குறைத்தே தைப்பர். அளவுகோலில் கால் அங்குலம் காட்டும் தையல் போர்வையில் சற்றுக் கூடுதலாகிவிடும் என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

முக்கோணத்தின் கணக்கு இதைவிடச் சுவையானது. நான்கு அங்குலச் சதுரம் வேண்டுமானால் நான்கரை அங்குலத்தில் வெட்ட வேண்டும். இருபுறமும் கால் கால் சேர்ந்து அரை. சதுரத்தைக் குறுக்கே பாதியாக்கி முக்கோணம் செய்ய வேண்டுமானால் அரை அங்குலம் போதாது. சாய்ந்த பக்கத்திலும் தையலுக்கு விட வேண்டும். அவ்வாறு விட்டால் கூர்முனை வெகுதூரம் நீண்டு செல்லும். வடிவ கணிதப்படி கூட்ட வேண்டியது 0.854 அங்குலம். நடைமுறையில் முக்காலே அரைக்கால், அதாவது ⅞ அங்குலம் என்று கொள்வர். ஆகவே நான்கு அங்குல முக்கோணத்திற்கு 4⅞ அங்குலச் சதுரத்தை வெட்டிக் குறுக்கே பிளப்பர். பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் பள்ளியில் அஞ்சிய பெண்கள் எத்தனையோ பேர் இந்த ⅞-ஐ மனப்பாடமாக அறிவர். அது இரண்டின் வர்க்கமூலத்திலிருந்து பிறந்தது என்று அவர்கட்குச் சொல்வார்தாம் இல்லை.

இவ்வளவும் கேட்டபின், அளவுகோல் இல்லாமல் நல்ல போர்வை தைக்க இயலாதோ என்ற ஐயம் எழக்கூடும். நம் நாட்டிலேயே விடை இருக்கின்றது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபுரம், ஹளியாளம் ஆகிய பகுதிகளில் வாழும் சித்தியர், முற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்தம் பெண்கள் தைக்கும் கவந்த் என்னும் போர்வையில், துண்டுகளைத் தனியே இணைத்து மேல்துணி செய்துகொள்வதே கிடையாது. அடித்துணியின் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் விரலால் மடித்துக்கொண்டே, முந்தின துண்டின்மேல் வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு நடுவை நோக்கி வருவர். எந்தத் துண்டும் முன்னரே அளந்து வெட்டப்படுவதில்லை. ஆகவே பிழை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பரவ வழியும் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் முன் துண்டு விட்ட குறையைத் தானே சரிசெய்துகொள்கின்றது. நான்கு மூலைகளிலும் பூ என்று பெயரிட்ட சிறு மடிப்புத் துண்டுகளை வைத்துத்தான் முடிப்பர். அவை இல்லாத கவந்த் ஆடையின்றி நிற்பதற்கு ஒப்பு என்பது அவர்கள் கருத்து. அமெரிக்காவிலும் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு கண்ணளவாகவே தைத்த போர்வைகள் 2002 முதல் பெரும் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுப் புகழ் பெற்றன.

இவற்றை நுட்பம் குறைந்த வேலை என்று கூறுவோரை நான் ஒப்ப இயலாது. அளவு முன்னே செல்லக் கை பின்தொடர்வது ஒரு முறை. கை முன்னே சென்று அளவை அவ்வப்போது உண்டாக்கிக்கொள்வது மற்றொரு முறை. ஒன்றின் சட்டத்தைக் கொண்டு மற்றொன்றை நிறுப்பது தகாது.

பிழையைப் பற்றிப் பேசும்போது ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். முழுமை இறைவன் ஒருவனுக்கே உரியதாகலின், பழங்காலப் பெண்கள் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு தவறு செய்தனர் என்று அமெரிக்காவில் பரவலாகக் கூறுவர். இனிய கதைதான். ஆயினும் போர்வை வரலாற்றறிஞர் தேடிப்பார்த்து, அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றே கூறுகின்றனர். தைத்துப் பார்த்தவர் எவரும் இதனை நம்பார். தவறு வருவதற்கு வேண்டுதல் எதுவும் தேவையில்லை.

நேயர்களுள் எவரேனும் இக்கலையில் கைவைக்க விரும்பினால், முதலில் தம் தையலின் உண்மையளவை அறிந்துகொள்வது நலம். இன்றைய இயந்திரங்களில் ஊசியடிப் பாதம் அகலமாக இருப்பதால், அதன் விளிம்பைக் கால் அங்குலம் என்று நம்பிவிடலாகாது. இதற்கென்றே செய்த குறுகிய பாதம் கிடைக்கின்றது. அது இல்லையேல், ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து இயந்திரத் தகட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டு, துணி விளிம்பை அதன் ஓரமாகச் செலுத்தலாம். அளவுநாடாவின் எப்பக்கத்தை நம்புவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்த பின்னரும் தையற்கடைகளில் அங்குலமே ஆள்கின்றது. ஜப்பானியரோ கால் அங்குலத்திற்கு மாறாக 7 மில்லிமீட்டர் விடுவர். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர்தான். ஒரு முறைக்கு வெட்டிய துண்டுகளை மற்றொரு முறையில் தைத்தால், முன்னே சொன்ன மாகாணிக் கணக்கு அங்கேயும் தலைகாட்டும்.

சோதனை எளியது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, அருகருகே இணைத்துத் தைத்து, தையலை ஒருபுறமாகச் சாய்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். தேய்க்காமல் மேலிருந்து அழுத்த வேண்டும். தேய்த்தால் துணி நீண்டுவிடும். பிறகு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். அது ஓர் அங்குலமும், முழு அகலம் மூன்றரை அங்குலமும் இருந்தால் உங்கள் தையல் சரி. நடுப்பட்டை ஓர் அங்குலத்திற்குக் குறைந்தால் ஒட்டுத்தாளை ஊசிப்பக்கம் ஓர் இழையளவு நகர்த்தி, வேறு மூன்று பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள்.